உள்வரும் அழைப்புக்கும் காசு

ரவுண்டானாப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் இம்தியாஸ்
மூன்று முறை சொன்னான்:
அக்கா, நீங்க பேசினாலும் காசு,
அவங்க பேசினாலும் காசு.
நூறு நிமிஷம். பத்து நாள்.
இங்கே போட்டுப் பார்க்காதீங்க, உயிர் வராது.
ஃப்ளைட் இறங்கினதும் தானா எழும்.

கிருஷ்ணகிரியில் உயிரில்லாத ஒரு பொருளுக்கு
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன்.
ரசீதைக் காட்டினால் கம்பெனி தந்துவிடும் என்றார்கள்.
இன்னும் தரவில்லை, அது வேறு கதை.

ராட்டர்டாம் துறைமுகத்தில்
எங்கள் பெங்களூரா மாங்கூழ், எண்பது பீப்பாய்,
நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.
அமிலம் கூடுதல் என்றார்கள் அங்கே.
இல்லை என்று சொல்ல
காவேரிப்பட்டினம் ஆலை லேபிலிருந்து நான்,
கடன் வாங்கிய ஸ்வெட்டரோடு.

விமானம் நின்றதும்
தோட்டுக் கம்பியால் குத்திப்
பழைய சிம்மை எடுத்தேன்.
நகத்தைவிடச் சிறியது. தும்மினால் போய்விடும்.
ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் வைத்து
மெரூன் பொட்டொன்றைப் பிய்த்து மேலே ஒட்டினேன்.
என் பதினோரு வருட நம்பர்
பொட்டு வைத்துக்கொண்டு தூங்கப் போனது.

போர்டிங் பாஸின் பின்னால் கணக்கு:
முதலாளி பதினாலு.
ஏஜென்ட் ஆறு.
முதலாளி ஒன்பது.
முதலாளி இருபத்திரண்டு, அதில் திட்டு மட்டும் பதினாறு.
வாங்கிய திட்டுக்கு நானே காசு கட்டியது
என் சர்வீஸில் இதுதான் முதல் முறை.
'ஒரு நிமிஷம் லைன்ல இரும்மா' என்று
வேறு யாரிடமோ அவர் பேசப் போனது மூன்று.
ஹோட்டலுக்குக் கட்டப் போனால்
பேங்க் ஓடிபி கேட்டது.
அது பொட்டு அட்டைக்குப் போயிருக்கும்.

முனிரத்தினம் பேசவில்லை.
கிளம்பும் முன்பே முடிவு செய்தது அது.
ஒரு ரிங் என்றால் வீட்டில் எல்லாம் சரி.
இரண்டு என்றால் லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டான்.
மூன்றாவது அடித்தால் மட்டும் எடு.

அவனுக்கு இரவு எட்டரை,
எனக்கு ஐந்து மணி வெயில்.
கிரேனுக்குக் கீழே நின்று எண்ணுவேன்:
ஒன்று.
இரண்டு.
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு
வராத மூன்றாவதைக் கேட்பேன்.

அறுபத்தாறு பீப்பாயை விட்டார்கள்.
மீதிப் பதினாலுக்கு முதலாளி மறுபடி பேசினார்.
கடைசி இரவு ஏழு நிமிடம் மிச்சம்.
அவன் எண்ணை அழுத்தினேன்.
ஒரு ரிங் போனதும் கை தானாக நிறுத்திவிட்டது.
பழக்கம்.
அந்த ஏழு நிமிடமும்
திரும்பி வரும் வழியில் ஏதோ கடலுக்கு மேலே
நள்ளிரவில் காலாவதியாயின.

பெங்களூரில் பஸ் ஏறி
சூளகிரி வரும்போதுதான் பொட்டைப் பிய்த்தேன்.
பசையைத் துப்பட்டாவில் துடைத்து
உள்ளே செருகினால்
போன் துள்ளத் தொடங்கியது.
கேஸ் சிலிண்டர் கொடுத்தாயிற்றாம்.
பத்து நிமிடம் மட்டுமே செல்லும் ஓடிபி, ஐந்து நாள் கழித்து.
அதற்குப் பிறகு எல்லாம் முனிரத்தினம்.
தூங்குகிற நம்பருக்கே அனுப்பியிருக்கிறான் தினமும்.
முதல் நாட்களின் செய்திகள் வரவில்லை;
அதற்கும் கெடு உண்டு போல.

'ராயக்கோட்டை. தக்காளி விலை படுத்துட்டுது. பாதியை ரோட்டுல கொட்டிட்டாங்க.'
'தொப்பூர் இறக்கம். பிரேக் சூடு. நிறுத்தி டீ.'
'இது உனக்கு இப்ப வராதுன்னு தெரியும். அதான் அனுப்புறேன்.'
'நேத்து மூணாவது ரிங் அடிக்கப் போனேன். விட்டுட்டேன். ஒண்ணுமில்ல.'

கடைசி வரியை
இரண்டு தடவை படித்தேன்.
டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றது.
இங்கே எனக்கு அன்லிமிடெட்.
அவன் எண்ணை அழுத்திவிட்டு
ஒன்று, இரண்டு தாண்டி
மூன்றாவதும் அடிக்கட்டும் என்று
விட்டேன்.