காயாத ஆறு

தண்ணீர் என்றதும் நீலத்தைப் பிதுக்கியதுதான்
முதல் ஞாயிற்றின் முதல் தப்பு.
முதுநகரில் உப்பனாறு நீலமாய் இருந்ததில்லை.
டீசல் மிதக்குமிடத்தில் மயில்கழுத்து,
ஐஸ் கம்பெனிச் சுவரடியில் கழுநீர்,
நடு ஆற்றில், மேகம் விலகினால்,
கரைத்த புளி.
பச்சையும் பழுப்பும் கத்தியால் குழைத்து
ஊசிமுனை வெள்ளை விட்டேன்.
ஓரளவு வந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டு போய்
ஃபேனுக்கடியில் வரையலாமே மேடம் என்றார்
எதிர் மேசை இருதயநாதன், பாலிசி ஃபைல்களுக்கு மேலாக.
வரையலாம்.
மத்திச் செதிலும் தாரும் மூக்கில் ஏறாமல்
அந்தத் தகரக்கூரைத் துருவை
எதைக்கொண்டு கலப்பது?

இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி. கட்டடங்கள்.
அக்கரைகோரி மணலில் முதுகில் வெயில் வாங்கி
ஜன்னல் ஜன்னலாக ஊரைக் கட்டினேன்.
செல்போன் கோபுரம் மயிரிழை சாய்ந்திருந்தது;
அப்படியே சாய்த்தேன்.
படித்துறையில் மூன்று படிதான் வெளியே;
மூன்றுதான் வைத்தேன்.
மொட்டைமாடிக் கொடியில் ஐந்து நைட்டிகள்.
நான்காவதற்குப் பூப்போடுவதற்குள்
யாரோ வந்து எல்லாவற்றையும் உருவிப் போனார்கள்.
இருக்கட்டும் என்று ஐந்தையும் விட்டேன்.
படத்தில் அது ஒன்றுதான் பொய்
என்று நினைத்திருந்தேன்.

உப்புக்காற்றில் எண்ணெய் வண்ணம் காய்வதில்லை.
ஏழு நாள் கழித்தும்
வானம் விரலில் ஒட்டியது.
ஒரு கொசு அதில் மாட்டிச் செத்தது.
எடுக்கப் போனேன், ஒரு சிறகு தங்கிவிட்டது.
தள்ளி நின்று பார்த்தால் கொக்கு.

மூன்றாம் ஞாயிறு படகுகள்.
வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த தேசிங்கு
கையைக் கைலியில் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார்.
நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

"மஞ்ச போட்டு சேத்துல நிக்குது.
படித்தொற முழுவிக் கெடக்குது.
எந்த ஆத்த வரைஞ்ச நீ?"

இரண்டுமே காலை ஏழு மணிதான், என்றேன்.

"ஒனக்கு ஏழு மணி.
தண்ணிக்கு நெலாதானே மணி?"

பார்த்தேன்.
வயிறு தெரிய ஒருக்களித்த படகு.
அதன் தலைக்கு மேல்
தளும்பிக்கொண்டிருந்தது போன வாரத்து ஆறு.
இடையில் ஒன்றரை முழம்,
யாருமே நனையாமல்.

படிகளைச் சுரண்டினேன்.
கத்தியில் வெண்ணெய் மாதிரி வந்தன.
அடியில்
முதல் ஞாயிற்று நீலம்.

நான்காம் ஞாயிறு அதே ஏழு மணிக்குப் போனால்
தண்ணீர் திரும்ப ஏறியிருக்கிறது.
நான் சுரண்டிப்போட்ட அதே மூன்று படிகள்,
அதே பாசி, அதே ஈரம்.
மஞ்சள் படகைக் காணோம்.
வெள்ளிக்கிழமை காரைக்காலுக்கு வித்தாச்சு, என்றார் தேசிங்கு,
இஞ்சின் சரியில்ல, கேட்ட வெலைக்குக் குடுத்துட்டான்.
பெட்டியைத் திறக்கவில்லை.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
இக்கரைக்குப் படகேறினேன்.

டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை.
அந்தப் பலகைய அப்பால புடிம்மா, என்றார் கண்டக்டர்.
மஞ்சக்குப்பத்தில் முண்டியடித்து இறங்கியவரின்
வெள்ளைச் சட்டை முழங்கையில்
நாலு விரல்கடை மஞ்சள்.
கூப்பிடலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் சிக்னலைத் தாண்டி
வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.