இறங்காத சத்தம்

சூடானால் நிண்டு போகுது என்கிறான்.
காலமை ஒரே உதையில் வந்துவிடுமாம்.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறி
இரண்டாவது துருசு தாண்டியதும்
யாரோ பின்னாலிருந்து பிடித்தமாதிரி இழுக்காதாம்.

"அண்ணை இல்லையோ?"
அண்ணை கட்டாரில்.
ஒட்டுசுட்டானில் இந்தக் கராச்சு
மூன்று வருசமாக என் கையில்.
திரும்பிப் போகத்தான் பார்த்தான் நகுலேந்திரன்.
மோட்டச்சைக்கிள் ஸ்ராட் ஆகவில்லை.

டீ.ரீ. நூற்றியிருபத்தைந்து.
தாங்கியில் நீலப் பெயின்ற், அதற்கடியில் ஒரு பச்சை,
அதற்கும் அடியில் நான் சுரண்டிப் பார்க்கவில்லை.

எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.
எப்ப தொடங்கினது, என்ன மாத்தினீங்கள்?
ஒண்டும் மாத்தேல்லை என்றான்.
பிறகு, ஜெட் மட்டும் என்றான்.
பிறகு, மூண்டு தரம் என்றான்,
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பெரிசாய்.

பிளக் சுட்டது. சாரத்துண்டில் பிடித்துத் திருப்பினேன்.
தேத்தண்ணி நிறத்தில் இருக்கவேண்டிய நுனி
வெள்ளை.
சுவரில் சுண்ணாம்பு காய்ந்த வெள்ளை.
அவ்வளவு பெற்றோலை ஊற்றியும்
பட்டினி கிடந்தமாதிரி வெளிறியிருக்கிறது.
அப்படியென்றால் குறைவது பெற்றோல் இல்லை.
கூடுவது காற்று.
எங்கோ ஒரு ஓட்டையால், கூப்பிடாத காற்று.

பிளக்கை மாட்டி, ஏழாவது உதையில் எழுப்பினேன்.
முறுக்கினேன், விட்டேன்.
கை இறங்கிவிட்டது, சத்தம் இறங்கவில்லை.
பனையில் மாட்டிய பட்டம்போல
மேலேயே நின்று துடித்தது,
பிறகு தன்பாட்டில், மனமில்லாமல், கீழே வந்தது.

மாட்டுக்கு ஊசி போடுகிற சிறிஞ்சில்
தையல் மெசின் எண்ணெய் வைத்திருக்கிறேன்.
காபரேற்றர் கழுத்து றப்பரில் ஒரு துளி. மாற்றமில்லை.
சிலிண்டர் அடியில், கஸ்கற் ஓரத்தில். இல்லை.
இடப்பக்க மூடியைக் கழற்றி,
சுற்றும் மக்னெற்றுக்குப் பின்னால்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு துளி

சத்தம் மடிந்தது.
சைலன்சர் நீலமாய் ஒருதரம் தும்மியது.

விதுசனைப் பின்சில்லைப் பிடிக்கச் சொல்லி
புல்லரை முறுக்கினேன். மக்னெற் விட்டுக்கொடுத்தது.
கிராங்க் சீலின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து
என் நகம் போகிற இடைவெளி.
தேய்த்தது மணல்.

எங்கள் மண் சிவப்பு.
குளக்கட்டு மண்ணும் சிவப்பு,
சேட்டில் பட்டால் மூன்று தோய்ச்சலுக்கும் போகாது.
இது வெள்ளை. சீனிபோல.
நடுவில் அரிசிக்குறுநலளவு ஒரு சிப்பித்துண்டு.

"கடற்கரைப் பக்கம் ஓடுறனீங்களோ?"
"இல்லை."
நான் கேட்டு முடிய முன்பே வந்த இல்லை.
அதற்குப் பிறகும் அவன் கனநேரம் பேசிக்கொண்டிருந்தான்,
துருசுப் பலகை, பசளை விலை, யானைவேலியில் கறன்ற் இல்லாதது,
யாரும் முறுக்காமலே.

மணலைப் பெற்றோலால் கழுவினேன். சீல் போட்டேன்.
பழைய ஜெட் இருக்கோ என்றேன்.
பேர்ஸில், சில்லறைக்குள் இருந்தது.
பில்லில் எழுதியது:
சீல் ஒன்று, பிளக் ஒன்று, கூலி.
"இன்னும் ஒரு கிழமை ஓடியிருந்தா
பிஸ்டன் பிடிச்சிருக்கும்" என்றேன்.
"எங்க வைச்சு?" என்று கேட்டான்.
அது எனக்கு எப்படித் தெரியும்?

காசைத் தந்தான். மிச்சத்தை எண்ணவில்லை.

சந்தியில் கையை விட்டான்.
சத்தம் உடனே இறங்கியது, படி தவறாமல்.
எனக்கு அவ்வளவுதான் வேணும்.
மாங்குளம் பக்கமா, முல்லைத்தீவுப் பக்கமா என்று
காது பின்னால் போகப் பார்த்தது.
அதற்குள் மகாதேவர் தன் மண்ணெண்ணெய்ப் பம்மை
வாசலில் தொப்பென்று இறக்கிவைத்து,
"காலமை நல்லாத்தான் ஓடினது, பிள்ளை" என்று
தொடங்கினார்.