அரைப் பேர்

முதல் நாளே இனோகா சொன்னாள்:
"அவர் சொல்கிறார் என்று தொடங்காதீர்கள் அக்கே.
அவர் நான் என்றால் நீங்களும் நான்."

பதினாறு வருஷம் டிக்கோயா தபால் கந்தோரில்
ஊர்க் கடிதங்களைப் பிரிக்காமல் கைமாற்றியவள்.
இப்போது நாற்பத்து மூன்றில்
பிரித்து, வாய்க்குள் வைத்து,
இன்னொரு பாஷையில் எடுத்துத் தரவேண்டும்.

அவளுக்கு இருபத்தொன்பது.
மாத்தறைக்காரி; அட்டன் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர்.
அவள் தமிழ் புத்தகத்தில் படித்தது,
என் சிங்களம் சந்தையில் பொறுக்கியது.
உங்கள் சிங்களத்தில் மரியாதை போதாது என்பாள்.
உன் தமிழில் மிளகாய் போதாது என்பேன்.

பஸ்ஸில் பயிற்சி. ஒற்றைக் காதில் வயர்.
காலைச் செய்தியை மூன்று சொல் பிந்தி,
உதடு மட்டும் அசைய,
கொட்டகலையிலிருந்து அட்டன் வரை.
ஜெபிக்கிறேன் என்று நினைத்து
பக்கத்து ஆள் காலை ஒதுக்கிக்கொண்டார்.
வளைவுகளில் ஓர் அமைச்சரை
இரண்டு தரம் கவிழ்த்திருக்கிறேன்.

குறிப்புப் புத்தகத்தின் நடுவில் ஒரு கோடு.
போனதற்கு அம்பு,
இல்லாததற்கு வட்டம்.
"எண்ணையும் திகதியையும் நம்பாதீர்கள், எழுதுங்கள்.
அழுகையை எழுதவேண்டாம்.
அது நினைவிருக்கும்."

தொழில் நியாயமன்றில் என் முதல் வழக்கு.
தனபாக்கியம், கொழுந்தெடுப்பவர், மேல் டிவிஷன்.
இனோகா இரண்டு வாங்கு பின்னால்
பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக.

"பதினெட்டுக் கிலோ நிறுத்தாங்க" என்றார்.
என் வாயிலிருந்து தஹசய விழுந்தது.
பதினாறு.
இரண்டு கிலோ பச்சைக் கொழுந்து
என் நாக்கில் காணாமல் போயிற்று.

திரும்பிப் பார்த்தேன்.
இனோகா ஜன்னலில் மூடுபனி பார்த்தாள்.
மூடி மட்டும் டிக்கென்றது.

"மொழிபெயர்ப்பாளர் பிழைவிட்டார்.
திருத்துகிறார். பதினெட்டு."
அப்படித்தான் சொல்லவேண்டும், விதி அது:
பிறர் பேசும்போதெல்லாம் நான் நான்,
நானாகப் பேசும்போது
யாரோ ஒருத்தி.

பிறகுதான் அது வந்தது.
"பதினெட்டு எடுத்தும்
எனக்கு அரைப் பேர்தான் போட்டாங்க."

இனோகா தந்த நானூறு சொற்களில்
அந்தச் சொல் இல்லை.
அரை நாள் என்றால் கூலி வந்துவிடும்,
பேர் வராது.
பகல் முழுக்க மலையில் நின்றவள்
செக்ரோலில் பாதியாய் இறங்குவது வராது.

என் பெயரில் பாதியைத்தான் எழுதினார்கள்
என்றேன் சிங்களத்தில், அவராக.
அடுத்து, யாரோ ஒருத்தியாக,
விளக்கம் தர அனுமதி கேட்டேன்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
பின்னால் மூடிச் சத்தம் நின்றிருந்தது.

மார்ச் பதினொன்றுக்குத் தவணை.

வெளிப்படியில் தனபாக்கியம்
என் முழங்கையைத் தொட்டார்.
"நீங்கதானே நானா பேசுனது?
எங்க கோவப்படணுமோ
அங்க சரியாக் கோவப்பட்டீங்க."

கென்டீனில் இனோகா பிளேன்டீ இரண்டு சொன்னாள்.
"கோபம் கூடிவிட்டது அக்கே.
அந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார்.
கவனிக்கவில்லையா?"

கவனித்தேன்.
தாழ்த்த எனக்கு வரவில்லை.
அதை அவளிடம் சொல்லவுமில்லை.
சீனியைக் கையில் கொட்டி நக்கி
ஒரு மிடறு குடித்தேன்.

அவள் தன் புத்தகத்தைத் திருப்பி
கோட்டுக்கு வலப்பக்கம்
வெறுமையாய்க் கிடந்த இடத்தைக் காட்டினாள்.
"அந்தச் சொல். பேர்.
சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்ன ர" என்றேன்.