கிட்டாரை விற்ற ஆண்டு

முதலில் நான் கேட்டது அவளை அல்ல,
கோப்பைகளை.
பீல் நகரம், ரயில் நிலையத்துக்குப் பின்னால்
உணவகமொன்றின் கழுவுமிடம்.
அடுக்கி வைத்த சூப்புக் கோப்பைகள்
தாமாகவே நடுங்கின.
சுவரை இடிக்கிறார்களா என்று கேட்டேன்.
சமையல்காரர் டுவார்ட்டே சிரித்தார்:
இல்லை, வாசிக்கிறார்கள்.

வேலை முடிந்து, கையில் சவர்க்கார வாசத்தோடு
பின்கதவால் எட்டிப் பார்த்தேன்.
செவெரின் மோசர்.
சிவப்புக் கிட்டாரை முழங்கால்வரை தொங்கவிட்டு
ஒரு வரி பிரெஞ்சில், மறு வரி ஜெர்மனில்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கு அப்போது இரண்டும் தெரியாது.
என் அட்டையில் 'என்' என்றோர் எழுத்து.
முடிவு வரும்வரை காத்திரு என்று அதற்குப் பொருள்.
காத்திருக்க முடியாத ஒருத்தி அங்கே
எனக்கும் சேர்த்துக் கத்தினாள்.

இரண்டாவது இசைத்தட்டு வந்தபோது
மொழி கொஞ்சம் பிடிபட்டிருந்தது.
புரட்சி என்று நான் நம்பிய பாட்டு
முற்பணத்தைத் திருப்பித் தராத
வீட்டுக்காரனைப் பற்றியதாம்.
அதற்குப் பிறகு இன்னும் பிடித்தது.

மூன்றாவதை மன்னிக்க நாளாயிற்று.
டிரம்ஸ்காரன் போய்விட்டான்.
அவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி,
அதில் சிறு பச்சை விளக்குகள்.
அவள் கத்தவில்லை. முணுமுணுத்தாள்.
பாதியில் எழுந்து வந்தேன்.
மழைக்குள் சூஸ் ஆற்றங்கரை வழியே நடந்து
அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.
எனக்கு 'எஃப்' கிடைத்திருந்த வருடம் அது.
மாறாத ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.
அதற்கு அவள் என்ன செய்வாள்?

பிறகு, பேரங்காடியின் அறிவிப்புப் பலகையில்
பூனைக்குட்டிகளுக்கும் பழைய சோபாவுக்கும் இடையில்
அவள் கையெழுத்து: சிவப்புக் கிட்டார், விற்பனைக்கு.
ஆயிரத்து இருநூறு பிராங்க்.
என்னிடம் எண்பது.
நான் போவதற்குள் சோலத்தூர்ப் பையன் ஒருவன்
அதை முதுகில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.
மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
காலால் மிதிக்கும் பெடல் ஒன்று, நாற்பதுக்குத் தந்தாள்.
ரசிகை என்று நான் சொல்லவில்லை.
வாடகைக்குத் தட்டுப்பாடு போல என்று
அவள் செருப்பைப் பார்த்து நினைத்தேன்.

ஏழு வருடம் சத்தமில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள் என்றார்கள்.
யாரோ ஒருவரின் ஆவணப்படத்தில், பனிப்பாறைக்குப் பின்னால்
ஒரேயொரு சுரம் நீண்டு ஒலித்தது.
பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை
தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன்.
அவள்தான்.
மகள் கேட்டாள்: அம்மா, ஐஸைப் பார்த்தா அழுகிறீங்கள்?

நேற்று, ஏரிக்கு மேலே
திராட்சைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு தேவாலயம்.
முப்பத்தொரு பேர். எண்ணினேன்.
முடி நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு
காலால் துருத்தி மிதித்து
ஹார்மோனியம் வாசித்தாள் செவெரின்.
ஒரு பாட்டில் சொற்களே இல்லை.
இன்னொன்றில் பேருந்துப் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும்,
இறங்கும் தரிப்பிட வரிசையில்.
பின் வரிசையிலிருந்து ஒருவர்
பழைய வீட்டுக்காரன் பாட்டைக் கேட்டார்.
அவள் சொன்னாள்:
அந்த மனுசன் செத்துப்போனான்,
கடைசியில் முற்பணத்தை மகன் தந்துவிட்டான்.
எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாடவில்லை.
அவள் பாடாதது எனக்கு எவ்வளவு ஆறுதல்
என்று அந்த ஆளிடம் எப்படிச் சொல்ல?

முடிந்ததும் வாசலில், மடிப்பு மேசையில்
தன் தட்டுகளைத் தானே விற்றாள்.
இருபது வருடமாய் மனதில் திருத்திய வசனங்கள்
வரிசையில் நின்றபோதே கரைந்தன.
உங்கள் பெடல் என்னிடம் இருக்கிறது என்றேன்,
களவெடுத்தவள் மாதிரி.
அவள் நிமிர்ந்தாள்.
இன்னும் இரைகிறதா அது?
தெரியாது, என்றேன்.
என்னிடம் கிட்டார் இல்லை.

அவள் சிரித்த சிரிப்பில்
மேசையிலிருந்த சில்லறை
கொஞ்சம் நடுங்கியது.