இரண்டாவது முள்

பாளையம் சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம்
பந்தல் போட்டிருந்தார்கள்.
கண் பார்க்கிறார்களாம், இலவசம் என்றான் முனிரத்தினம்.
கண்ணைப் பார்த்துவிட்டுக்
கையை நீட்டச் சொன்னாள் கவுசர் சிஸ்டர்.
பட்டையைச் சுற்றிக் காற்றேற்றினாள்.
அது மெல்ல இறங்கும் சத்தம்
எனக்குப் பழகிய சத்தம்.
இருபத்திரண்டு வருடமாக
பிரேக்கை விடும்போதெல்லாம் கேட்கிறேன்.

நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு.
"நிறையவா?"
"நிறையப் போகிறது."

ஊறுகாய்? உண்டு.
பீடி? இறக்கத்தில் மட்டும்.
தூக்கம்? லோடு இறக்கும்போது.
அவள் சிரிக்கவில்லை. மாத்திரையும் தரவில்லை.
தந்திருந்தால் நிம்மதி,
சட்டைப் பையில் போட்டு மறந்திருப்பேன்.
துண்டுச் சீட்டில் அந்த எண்ணை எழுதி
மூன்று மாதம் கழித்து வாங்க என்றாள்.

தொப்பூர் இறக்கத்தில்
நியூட்ரலில் உருளவிட்டால்
கொஞ்சம் டீசல் மிச்சம்.
மிச்சம் பிடித்தவர்களின் கண்ணாடித் தூள்
இன்னும் ஓரத்தில் மின்னுகிறது.
ஏறுவதற்கு எந்த கியரோ
இறங்குவதற்கும் அதே கியர்:
இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
காற்று முள் ஐந்துக்குக் கீழே நின்றால்
வண்டியை நகர்த்தமாட்டேன்.
உடம்பைத்தான்
நியூட்ரலில் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

தீர்த்தகிரிக்கு வலியில்லை, தலைசுற்றல் இல்லை.
சேலத்தில் சிமெண்ட் இறக்கிவிட்டு
டீ கிளாஸை எடுக்கப் போனான்.
இடது கை வரவில்லை.
கிளாஸைப் பார்த்துச் சிரித்தானாம்,
பாதி வாயால்.
இப்போது காரிமங்கலத்தில்
அவன் சட்டைக்கு மகள் பொத்தான் போடுகிறாள்.

மாதம்மா சீட்டை இரண்டு முறை படித்தாள்.
களி எப்போதும்போல.
புளிச்சாற்றில் உப்பு பாதி.
முதல் வாரம் நாக்கு வழக்குப் போட்டது.
மூன்றாம் வாரம்
அவரைக்காய்க்குள் ஓர் இனிப்பு இருப்பதை
நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்தேன்.
ஊறுகாய் பாட்டிலை முனிரத்தினத்திடம் கொடுத்தேன்,
யோசித்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
அவனுக்கும் ஒரு கை இருக்கிறதே, நீட்ட.

டயர் தட்டிப் பார்க்க வண்டியை
ஒரு சுற்றுச் சுற்றுவது வழக்கம்.
இப்போது முப்பது சுற்று.
கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில்
என்னண்ணா வேண்டுதலா என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன்.

பீடியை விட்டேன் என்று சொன்னால் பொய்.
பன்னிரண்டு, நான்காகியிருக்கிறது.
விடிவதற்குள் ஓசூர் வந்தாக வேண்டும் என்று
ஓனர் போனில் கத்தும்போது
காதுக்குள் ரத்தம் ஏறுவது கேட்கிறது.
முடியாது என்று சொல்ல
நான் முதலாளி இல்லை.
"தூங்கிட்டு வர்றேன்" என்று மட்டும்
சத்தமில்லாமல் சொல்லிப் பழகுகிறேன்.
இரண்டு முறை திட்டினார்.
மூன்றாம் முறை, "எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?" என்றார்.

இன்று மூன்று மாதம்.
பந்தல் இல்லை.
மூங்கில் நட்ட குழிகள் நான்கு,
ஒன்றில் யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில்.
தொப்பூர் அரசு ஆஸ்பத்திரியில்
காலையில் பார்ப்பார்கள் என்றான் டீக்கடைக்காரன்.
சீட்டைக் காற்று முள்ளுக்குப் பக்கத்தில்
செருகிவைத்திருக்கிறேன், எழுத்து வெளுத்துவிட்டது,
எண் தெரிகிறது.

இறக்கம் தொடங்குகிறது.
பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான்.
போகட்டும்.
இரண்டாவது கியர்.