மேகமூட்டம்

எங்கள் ஊரில் போலீஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால்
மணி என்ன என்று திருப்பிக் கேட்போம்.

ஹால்புரூக்கில் உயரமானது ஒன்றே ஒன்று,
ரயில் பாதை ஓரத்துத் தானியக் கோபுரம்.
சஸ்காட்செவன் சமவெளியில்
ஜூலை வெயிலுக்கு ஒதுங்க வேறு இடமில்லை.
கான்ஸ்டபிள் ஃபிஸெட்டுக்கோ
பத்து நிமிஷத்தில் பழுத்துவிடும் தோல்.

காலை ஏழரைக்கு நிழல் மேற்கே நீண்டு
உரக்கடைச் சுவரில் ஏறும்.
அங்கே இருப்பார்,
சுரங்க வேலைக்குப் பிந்தியவர்களுக்காக.
நடுப்பகலில் நிழல் சுருங்கிப்
பள்ளிக்கூடச் சந்துக்குள் கிடக்கும்.
விடுமுறைக் காலம், அந்த வழியே யாரும் வருவதில்லை.
அவருக்கும் தெரியும்.
மடியில் கருவி, கருவிமேல் சாண்ட்விச்.
மாலை ஆறுக்குக் கல்லறை வாசல்.
அங்கே பிடிபட்டவர்கள்
அபராதச் சீட்டோடு ஒரு நிமிஷம்
தங்கள் ஆட்களையும் பார்த்துவிட்டுப் போவதுண்டு.

எண்பது ஐம்பதாகும் பலகை
காரகானா வேலிக்குள் புதைந்திருக்கிறது.
வெட்டச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை.
ஊராட்சிக்குப் புதுப் பனிவண்டி வந்தது
அந்தப் புதரின் புண்ணியத்தில்.

நான் முட்டை வண்டி ஓட்டுகிறவள்.
முட்டை வண்டி மெதுவாகப் போகும் என்பது
முட்டை வாங்குகிறவர்களின் நம்பிக்கை.
பள்ளம் எங்கே, ஃபிஸெட் எங்கே,
இரண்டும் தெரிந்தால் தொண்ணூறில் போகலாம்.
ஒன்றுகூட உடையாது.

தெரியாதவர்களுக்கு விளக்கு இருக்கிறது.
எதிரே வருகிற வண்டிக்கு இரண்டு சிமிட்டல்.
லாயிட் ஃபிரீசனும் சிமிட்டுவார்,
வேலித் தகராறில் பதினோரு வருஷமாக
என் முகத்தைப் பார்க்காதவர்.
அவருக்கு நானும்.
அது வேறு, இது வேறு.

வானம் மூடிய நாள்தான் தொல்லை.
நிழல் இல்லை. ஃபிஸெட் எங்கேயும் இருக்கலாம்.
வைக்கோல் லாரியும் பாதிரியாரும்
ஓட்டுநர் உரிமம் வாங்கி ஒரு வாரமே ஆன டெஸ் ஹ்ரிசாக்கும்
ஒருவர் பின்னால் ஒருவராக ஊர்ந்துபோவோம்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை,
நாற்பத்தெட்டில்,
ஃபிரீசன் வீட்டு வாசல் பலகையைப் படித்தேன்.
விற்பனைக்கு.
சாயம் வெளுத்திருந்தது.
மூலையில் சிலந்தி வலை கட்டி, பழையதாகி,
அதையும் விட்டுப் போயிருந்தது.
தினமும் இரண்டு முறை
இதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

அரை மைலில் அவருடைய நீல வண்டி எதிரே வந்தது,
யாருக்கும் பயப்படாத வேகத்தில்.
சிமிட்டினேன். இரண்டு முறை.
என் பின்னால் சாலையில் ஒருவரும் இல்லை,
மழை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவர் வேகம் குறைத்தார்.
வேலியை, வாய்க்காலை, இரண்டு பக்கமும் தேடினார்.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது.

கண்ணாடியில் நெடுநேரம்
பிரேக் விளக்கின் சிவப்பு.
இன்னும் தேடிக்கொண்டிருந்தார் போல.