எழுபது சென்டிமீட்டர்

மார்ச் மாதம். இனாரி ஏரியின் மேல்
எழுபது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
லாரியே போகலாம் என்கிறார்கள்.
நான் நடந்துதான் போனேன்,
பெட்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு.

பெட்டிக்குள் இரண்டு தூண்டில்கள்.
சின்னதை எடுத்து வீட்டில் வைத்துவிடலாமென்று
நவம்பரிலிருந்து நினைக்கிறேன்.
கை போகவில்லை.

வழியில் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்:
"மெர்வி எப்படி இருக்கிறாள்?"
இருக்கிறாள் என்பேன்.
சாப்பிடுகிறாள், கொஞ்சம்.
தூங்குகிறாள், மாத்திரை போட்டு.
கடைக்காரி, தபால்காரர், பாதிரியார்கூட.
அவள் தாய். கேட்கத்தான் வேண்டும்.
நான் குறை சொல்லவில்லை.

அடக்கத்தன்று எல்லோரும் அவளைத்
தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
கார்கள் நிறுத்த இடம் வேண்டுமே என்று
நான் வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.
நல்ல வேலை அது.
தள்ளத் தள்ள விழுந்துகொண்டே இருந்தது.

நாற்பது வருஷமாக அவளுக்கு
என்னென்ன பழுது பார்த்திருக்கிறேன்!
சைக்கிள் செயின், ஹீட்டர்,
முதல் கல்யாணம் முறிந்த இரவில்
சமையலறைக் கதவு.
இதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.
போனவனுக்கு ஓர் அழுகை,
அழுகிறவளுக்கு ஓர் அழுகை.
எதை முதலில் அழுவதென்று தெரியாமல்
இரண்டையும் அப்புறம் என்று வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடையில் எண் எடுத்துக்கொண்டு
காத்திருப்பது மாதிரிதான்
உட்கார்ந்திருந்தேன், எழுபத்தொரு வயது வரை.
என் எண்தான் முன்னால்.
அவன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

துளை போட்டு உட்கார்ந்தேன்.
பத்தடி தள்ளி இன்னோர் ஆள் வந்து துளை போட்டார்.
கலெர்வோ. படகுத்துறையில் டீசல் விற்றவர்.
இத்தனை பெரிய ஏரியில்
இங்கேதானா இடம் என்று எரிச்சலாக வந்தது.
ஒரு மணி நேரம் பேச்சில்லை.
எங்கள் பக்கம் அது மரியாதை.
பிறகு ஃபிளாஸ்கைத் திறந்தார்.
மூடி ஒன்றுதான் இருந்தது. என்னிடம் நீட்டினார்.

"எங்கள் வீவிக்கு ஒன்பது வயது.
பதினோரு வருஷம் ஆச்சு,"
என்றார், துளையைப் பார்த்தபடி.
"என்னை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.
உன் பையன் பேர் என்ன?"

முன்னூறு பேர் உள்ள ஊர்.
தெரிந்துதான் கேட்டார்.

ஆத்தோஸ், என்றேன்.
எங்கள் மொழியில் எண்ணம் என்று அர்த்தம்.
நவம்பருக்குப் பிறகு
என் வாயால் அதைச் சொன்னதில்லை.
குளிரில் அது புகையாக வெளியே வந்தது.
கொஞ்சம் நின்றது. போனது.

"மீன் பிடிக்கப் பிடிக்குமா அவனுக்கு?"

பிடிக்காது.
பிடித்ததைத் திரும்ப விடச் சொல்லி அழுவான்.
துளைக்குள் குனிந்து
போய்ட்டு வா என்பான் மீனிடம்.

கலெர்வோ சிரித்தார்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
முகம் ஏதோ செய்தது.

அவர் கேட்கவில்லை, நானே பெட்டியைத் திறந்தேன்.
சின்னத் தூண்டிலின் நூல் சிக்காகிக் கிடந்தது.
கையுறை கழற்றி, இரண்டு கிழவர்கள்,
விரல் விறைக்க விறைக்கப் பிரித்தோம்.
முழுக்கப் பிரியவில்லை. இருட்டிவிட்டது.

"நாளைக்கு," என்றார்.